களம் எங்கே? சேலத்தில் ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய், ஜனவரி 21, 2025

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோது விடியற்காலை மணி ஐந்தரை. டீக்கடையில் நின்றபடியே இதை எழுதத் தொடங்குகிறேன். இன்றிலிருந்து ஞாயிறு வரை தினமும் இரவில் எழுதிப் போடுவதாகத் திட்டம்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா வாழப்பாடிப் பக்கத்து ஊர்க்காரர். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. 1991–92-இல் அந்தத் திட்டம் சேலத்துக்கும் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அம்மா ஒரு குழுவில் சேர்ந்தார். அவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே குழுவின் தீர்மான நோட்டில்தான். அப்புறம் மூன்று மாதம் தையல் பயிற்சி. இருபது பெண்கள் ஒன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஆனால் அம்மா கூலிக்கு ஒரு ரவிக்கை கூடத் தைத்ததில்லை. ஊரில் ஏற்கெனவே ஒரு தையல்காரர் இருந்தார். இருநூறு வீடுள்ள ஊரில் ஒரே மாதத்தில் இன்னும் இருபது தையல்காரர்கள் வந்தால் துணி கொடுக்க ஆள் எங்கே? பயிற்சி கொடுத்தவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது பயிற்சிக்கு மறுநாள்தான். ஊரகத்தில் தொழில் வளர்க்கவும் திறன் கொடுக்கவும் உள்ளாட்சி அமைப்புகள் இப்போது என்ன செய்கின்றன, அந்த மறுநாள் எப்படி இருக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை.

காலையில் மாவட்ட ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஜில்லா போர்டு என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த ஜில்லா போர்டு வெள்ளைக்காரர் காலத்தது, இந்த மாவட்ட ஊராட்சி வேறு. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகு, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்தது இப்போதுள்ள மூன்றடுக்கு. சேலத்தில் கீழே 385 கிராம ஊராட்சிகள், நடுவில் 20 ஊராட்சி ஒன்றியங்கள், மேலே 29 வார்டுகள் கொண்ட மாவட்ட ஊராட்சி.

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கென 29 துறைகளைப் பட்டியல் போடுகிறது. வேளாண்மை, கால்நடை, சிறுதொழில், கைத்தொழில், தொழிற்கல்வி, சந்தை, வறுமை ஒழிப்பு எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் பார்த்தால் ஒரு மாவட்டத்தின் பொருளாதாரமே ஊராட்சியின் கையில் இருக்கிறது. பணத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. வீட்டு வரியும் தொழில் வரியும் கிராம ஊராட்சிக்கு. மாவட்ட ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு வரி கூடக் கிடையாது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிராம ஊராட்சிக்கு, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5. மாவட்டத் திட்டக் குழுவுக்கு மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் தலைவர் என்றாலும், கையில் இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எதைத் திட்டமிடுவது?

இப்போது அந்தத் தலைவரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக, தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் பொறுப்பேற்று இரண்டு வாரம் ஆகிறது. "மனு வாங்குறோம் சார், ஃபைல் நகருது. ஆனா 'எங்க ஊருக்கு இது வேணும்'னு மேசையத் தட்டிக் கேக்குற ஆளு இப்ப இல்ல" என்றார் அங்கே இருந்த ஊழியர். மேசையைத் தட்டிக் கேட்க ஆள் இல்லையென்றால், பயிற்சிகள் ஊரின் தேவையைப் பார்த்து வராது. இலக்கு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரும். என் அம்மாவுக்குத் தையல் வந்தது அப்படித்தான்.

மாலையில் ஒரு தட்டுவடை செட். கேரட், பீட்ரூட் துருவலை நடுவில் வைத்து, சட்னி தடவி, இரண்டு தட்டுவடையைச் சேர்த்து அழுத்திக் கொடுக்கிறார்கள். சேலம் வந்தால் இது இல்லாமல் திரும்ப முடியாது. நாளைக்கு வாழப்பாடி.

இரண்டாம் நாள், புதன், ஜனவரி 22

ஆத்தூர் சாலையில் அயோத்தியாப்பட்டணம் தாண்டினால் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள் வந்துவிடுகின்றன. சிறு வயதில் இந்தத் தோப்புகளில் விழுந்து கிடக்கும் மட்டையில் ஒருவரை உட்கார வைத்து இன்னொருவர் இழுப்போம். விளையாட்டு முடிந்தால் அந்த மட்டை அடுப்புக்குப் போகும். இப்போது யாரும் அதை எரிப்பதில்லை.

ஒரு கிராமத்தில் பாக்குமட்டைத் தட்டு செய்யும் மகளிர் குழுவைப் பார்த்தேன். மட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, தேய்த்துக் கழுவி, ஈரம் வடியவிட்டு, சூடேறிய அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்கள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, தட்டு வந்துவிடுகிறது. விளிம்பைச் சீவி, வெயிலில் ஒரு காய்ச்சல் காட்டி, அடுக்கிக் கட்டுகிறார்கள். பசையோ சாயமோ எதுவும் கிடையாது. மட்டையின் வரிகள் தட்டில் அப்படியே தெரிகின்றன.

2019 ஜனவரி 1-ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டதும் இந்தத் தொழிலுக்குக் காற்று அடித்தது. அதை நம்பி அந்தச் சமயத்தில் பல ஊர்களில் இயந்திரம் வாங்கினார்கள். சிலது ஓடுகிறது, சிலது துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்தக் குழு மட்டும் எப்படி நின்றது என்று கேட்டேன். மகளிர் திட்டம், வங்கிக் கடன் என்று பதில் வரும் என்று நினைத்திருந்தேன்.

குழுத் தலைவி அச்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெசினு கடன்ல வந்துருமுங்க. கரண்டுதான் வராது."

அவர்கள் வேலை செய்யும் இடம் ஊராட்சியின் பழைய கட்டடம். பூட்டிக் கிடந்ததை அப்போதைய ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டுக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. அச்சைச் சூடாக்க வீட்டு மின்சாரம் தாங்காது. மும்முனை இணைப்புக்கு அலைந்தது ஊராட்சித் தலைவரும் செயலரும். தலைவி அதை ஒரு வருடக் கதையாகச் சொன்னார். எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்டார்கள் என்று தேதி வாரியாக நினைவு வைத்திருக்கிறார். அந்த இணைப்பு வந்த நாளில்தான் தங்களுக்குத் தொழில் வந்தது என்கிறார். பயிற்சிச் சான்றிதழ் அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே வந்துவிட்டதாம்.

இன்னொன்றும் கவனித்தேன். மட்டை பெரும்பாலும் வெயில் காலத்தில் விழும். மழையில் நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் சீசனில் வாங்கி வருடம் முழுக்க வைத்திருக்க மூடிய இடம் வேண்டும். தொழில் தொடங்கும்போது இதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் கார்த்திகை மழையில் ஒரு லோடு மட்டை வீணான பிறகு தாங்களாகவே தெரிந்துகொண்டார்கள். இப்போது பக்கத்து ஊர்க் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால், தலைவி முதல் நாள் மட்டையை எப்படி அடுக்கி வைப்பது என்றுதான் ஆரம்பிக்கிறாராம். இயந்திரம் இரண்டாம் நாள்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அம்மாவின் ஊர் இங்கிருந்து நாலு கிலோமீட்டர்தான். போகவில்லை. வீடு விற்றாகிவிட்டது.

மூன்றாம் நாள், வியாழன், ஜனவரி 23

ஏத்தாப்பூர். இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரவள்ளி என்று எழுதினாலும் எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்குதான். சேலத்துக்கு அதன் மதிப்பு தெரிய வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது, 1943 வாக்கில், மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் இங்கே குச்சிக்கிழங்கு மாவிலிருந்து கையால் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது அறுவடைக் காலம். சாலை ஓரமெல்லாம் கிழங்கு லாரி. ஆலையில் கிழங்கைப் பாயிண்ட் பார்த்து எடுக்கிறார்கள், அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று. அதை வைத்துத்தான் விலை. விவசாயிக்குத் தன் கிழங்கின் பாயிண்ட் ஆலை வாசலில்தான் தெரியும். ஒரு ஒன்றியத்துக்கு ஒரு சோதனைக் கருவியாவது பொதுவில் இருந்தால், லாரி ஏற்றும் முன்பே பேரம் பேசலாமே என்று ஒரு விவசாயி கேட்டார். எவ்வளவு நியாயமான கேள்வி! பெரிய செலவும் இல்லை. ஆனால் அது யாருடைய வேலை என்று கேட்டால் வேளாண்மைத் துறை ஒரு பக்கம் கை காட்டும், ஒன்றியம் இன்னொரு பக்கம் கை காட்டும்.

அவர் சொன்ன இன்னொரு கதையை இங்கே எழுதியே ஆக வேண்டும். 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, அடுத்த ஆண்டுகளில் சேலம், நாமக்கல் குச்சித் தோட்டங்களைச் சுருட்டிவிட்டது. நுனிக் குருத்து முடிச்சுப் போட்டது போல ஆகும், செடி வளராது. மருந்து அடித்து மாளவில்லை. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியைக் கட்டுப்படுத்திய ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச் 7-ஆம் தேதி இந்த ஏத்தாப்பூரில்தான் முதன்முதலாக வெளியே விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும்.

குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால் குளவி செத்துப்போகும். ஒருவர் அடிக்காமல் இருந்தால் போதாது, பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அடிக்கக்கூடாது. "விஞ்ஞானி வந்து சொன்னா பத்துப் பேரு கேப்போம். கிராம சபையில ஊரே ஒக்காந்து 'யாரும் அடிக்க வேண்டாம்'னு பேசுனா அது வேற" என்றார் அந்த விவசாயி. அவர் ஊரில் அப்படித்தான் பேசி முடிவெடுத்தார்களாம். திறன் வளர்ப்பு என்றால் ஆளுக்கு ஒரு சான்றிதழ் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஊரே சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமும் இருக்கிறது. அதற்கு ஊராட்சியை விட்டால் வேறு இடம் கிடையாது.

திரும்பும் வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். பால் வெள்ளையாக, ஏக்கர் கணக்கில், சிமெண்ட் தரையில் ஜவ்வரிசி காய்கிறது. ஆலைக்கு உயிர் இயந்திரத்தில் பாதி, இந்தக் களத்தில் பாதி. ஓரமாகத் திப்பி, அதாவது மாவு எடுத்த கிழங்கின் சக்கை, குவித்து வைத்திருந்தார்கள், மாட்டுத் தீவனத்துக்கு.

நான்காம் நாள், வெள்ளி, ஜனவரி 24

இன்று சேலத்திலேயே. ஊரக இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் போனேன். நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்றாக, அந்தந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்துவது. சேலத்தில் இந்தியன் வங்கி. தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தொடங்கிய ஒரு முயற்சிதான் இந்த நிலையங்களுக்கு முன்மாதிரி.

விதியில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. பயிற்சி முடிந்தவரை இரண்டு வருடம் பின்தொடர வேண்டும். கடன் கிடைத்ததா, கடை திறந்தாரா, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் அம்மாவின் தையல் என்னவாகியிருக்கும்!

வகுப்பில் ஒரு பையன், கொளத்தூர் பக்கம். இருசக்கர வாகனப் பழுது கற்கிறான். ஊரில் கடை வைக்க இடம் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். "சந்தைக்கு எதுத்தாப்ல பஞ்சாயத்துக் கடை ஒண்ணு காலியா இருக்குங்க அண்ணா. ஏலம் எப்ப விடுவாங்கன்னுதான் தெரியல" என்றான். இவன் கையில் திறன் வந்துவிட்டது. கடன் விண்ணப்பமும் தயார். ஊராட்சிக் கடை ஒன்று ஏலம் விடப்படுவதில் அவன் வாழ்க்கை நிற்கிறது. நான் ஊருக்குத் திரும்பியதும் அவனுக்குத் தொலைபேசியில் பேசுவேன்.

இன்று சீக்கிரம் தூங்க வேண்டும். நாளை விடிவதற்குள் கொங்கணாபுரத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், சனி, ஜனவரி 25

கொங்கணாபுரம் சனிச்சந்தைக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே போய்விட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோதே பாதி ஆடு கைமாறியிருந்தது. டெம்போவில் ஏறுகிற ஆடும் இறங்குகிற ஆடும் ஒன்றையொன்று பார்த்துக் கத்துகின்றன. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது இன்னும் இருக்கிறது.

மேச்சேரி ஆடுகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். பழுப்பு நிறம், குட்டை முடி, வெயிலில் மினுக்கும். அதன் தோலுக்குத் தனி மதிப்பு. பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எட்டுக் குட்டி கொண்டுவந்திருந்தார். கொட்டகை நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊராட்சி போட்டுக் கொடுத்தது என்றார். "முன்ன மழைக்கு மூணு நாலு குட்டி போயிரும். கொட்டாய் வந்தப்பறம் ஒண்ணுகூடப் போகல." எட்டில் ஆறு விற்றுவிட்டது. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, மீதி இரண்டையும் பிடித்தபடி டீ குடித்தார்.

ஊரகப் பொருளாதாரம் என்று யாராவது கேட்டால் இந்தச் சந்தைக்கு அழைத்து வருவேன். அந்த அம்மாவின் திறன் பரம்பரையாக வந்தது. கொட்டகை ஊராட்சி கொடுத்தது. வாங்குகிற ஆள் வாரம் தவறாமல் இங்கே வருகிறார். மூன்றும் இருக்கிறது, அதனால் ஓடுகிறது. வாரச்சந்தைகளின் சுங்க வசூலை உள்ளாட்சிகள் ஆண்டுதோறும் குத்தகைக்கு விடும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது சந்தைக்கே திரும்பி வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி, நிழல், பெண்களுக்குக் கழிப்பறை. விடியற்காலை மூன்று மணிக்கு வருகிற பெண் விவசாயி எங்கே போவார் என்று குத்தகை விடுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கொங்கணாபுரத்தை மட்டும் சொல்லவில்லை. நான் பார்த்த எத்தனையோ சந்தைகளின் நிலை இது.

மதியம் சேலம் வந்து ஏற்காடு பேருந்து பிடித்தேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவது வளைவு தாண்டினால் காற்று மாறுகிறது. மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. சேலத்து கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். இருநூறு வருடம் ஆகிறது. அந்த இருநூறு வருடத்தில் பெரும்பகுதியும் காபி எஸ்டேட்டுக்காரர்களுடையது, மலைக்காரர்கள் பறிக்கிற கூலிகள். இப்போது அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடிக் குடும்பங்கள் (கேரளத்தவர் அல்ல) சொந்தமாகக் காபியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். நாளை அவர்களுடைய ஊர் ஒன்றுக்குப் போகிறேன். அங்கே ஒரு மகளிர் குழுவில் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். நாளை குடியரசு தினம், கிராம சபை.

இரவு குளிர் எலும்பைப் பிடிக்கிறது.

ஆறாம் நாள், ஞாயிறு, ஜனவரி 26

ஏற்காடு ஒன்றியம் சின்னது, 9 ஊராட்சிகள்தான். ஆனால் ஒரு ஊராட்சிக்குள்ளேயே குக்கிராமங்கள் மலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். நான் போன ஊரின் பெயரை எழுதவில்லை. அக்கா அப்படிக் கேட்டுக்கொண்டார்.

காலை ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பனி இன்னும் விலகவில்லை. அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து அதில் காபிக் கொட்டை. மேலே இன்னொரு தார்ப்பாய் மூடியிருந்தது. "வெயிலு வந்ததும் எடுக்கணும் தம்பி. எடுக்க மறந்தா உள்ளயே வேத்துப்போகும்."

இந்தக் குழுவில் 12 பேர். நாலு வருடம் முன்பு வரை எல்லோரும் பழமாகவே வியாபாரிக்குப் போட்டுவிடுவார்கள். செடியிலிருந்து பறித்த அன்றே, அவர் சொன்ன விலைக்கு. ஏறக்குறைய 6 கிலோ பழம் பதப்படுத்தினால் 1 கிலோ காபிக் கொட்டை. இடையில் நடக்கும் வேலையின் காசெல்லாம் வேறு யாருக்கோ போனது. அப்புறம் குழுவுக்கு வந்த சமுதாய முதலீட்டு நிதிக் கடனில் கையால் சுற்றுகிற, பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். காபி வாரியத்துக்காரர்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். சிவந்த பழம் மட்டும் பறிக்க வேண்டும். அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும். ஒரு இரவு ஊறவிட்டு வழவழப்புப் போகக் கழுவ வேண்டும். அப்புறம் காய வைக்க வேண்டும். பச்சைக் காயும் கலந்து உருவிப் போடுவது எஸ்டேட் கூலியில் பழகிய கை. பழத்தை ஒவ்வொன்றாகப் பறிக்க விரலைப் பழக்க ஒரு முழு சீசன் ஆனதாம். அக்கா தன் விரல்களைக் காட்டினார்.

பழக்கி முடித்தாயிற்று. இந்த ஆண்டு காபிக்கு உலகச் சந்தையில் விலையும் உச்சத்தில் இருக்கிறது. இவர்களுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். களம்.

மண்ணிலோ பாயிலோ காய வைத்தால் ஈரம் ஏறும், பூசணம் பிடிக்கும், மண் வாசம் ஒட்டும். வாங்குகிறவர் ஈரமானியை வைத்துப் பார்த்து விலையைக் குறைப்பார். இத்தனைக்கும் ஊரில் ஒரு சிமெண்ட் களம் இருக்கிறது! அக்கா கூட்டிப்போய்க் காட்டினார். பள்ளிக்கு மேலே, பெரிய மரங்களின் நிழலில், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில். புறம்போக்கு நிலம் அங்கேதான் இருந்தது, கட்டிவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் வெயில் விழும். மூட்டையைத் தலையில் வைத்து அங்கே யார் ஏறுவார்கள்? களத்தின் மேல் சருகு மூடிக் கிடக்கிறது. கட்டியவர்கள் கணக்கில் அந்த ஊருக்குக் களம் கொடுத்தாயிற்று.

நான் வெகு நேரம் அங்கே நின்றேன். வியாழக்கிழமை பார்த்த ஆலையின் களம் கண்ணுக்குள் வந்தது. ஒரு வகையில் என் அம்மாவின் தையல் சான்றிதழும் இந்தக் களமும் ஒன்றுதான். கொடுத்தவருக்கு முடிந்த வேலை, வாங்கியவருக்குத் தொடங்காத வேலை.

பதினொரு மணிக்குக் கிராம சபை. பள்ளி வளாகத்தில் ஷாமியானா. சென்ற ஆண்டு வரை தலைவர் உட்கார்ந்த நாற்காலியில் தனி அலுவலர் சார்பில் வந்த அதிகாரி. ஊராட்சிச் செயலர் மேலிருந்து வந்த பொருள் பட்டியலை வாசித்தார். வரவு செலவு, குடிநீர், கொசு ஒழிப்பு, நூறு நாள் வேலை. பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு, ஊருக்கு என்ன தேவை என்று ஒரு வறுமைக் குறைப்புத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. அந்தத் தாளை எழுதியிருந்தது குழுவின் கணக்கு எழுதும் பெண், இருபத்திரண்டு வயது. அரசு திறன் பயிற்சியில் சேர்ந்து ஒரு வெளியூர் ஆலைக்கு வேலைக்குப் போனவள், விடுதி ஒத்துக்கொள்ளாமல் நாலு மாதத்தில் திரும்பிவிட்டாள். புள்ளிவிவரத்தில் அவள் வேலையை விட்டவள். ஊரில் அவள் இல்லாமல் எந்தக் கணக்கும் முடியாது.

அவள் எழுந்து வாசித்தாள். பனிக் காலத்தில் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை வெயில் விழும் இடம் கீழ்ச்சரிவில் இருக்கிறது. ஒரு குடும்பம் எட்டு சென்ட் நிலத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறது. அங்கே களம் வேண்டும்.

பொறியியல் பிரிவிலிருந்து வந்திருந்த ஓவர்சியர் பொறுமையாக விளக்கினார். நூறு நாள் திட்டத்தில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம். சிமெண்ட் களம் என்றால் பொருள் செலவுதான் அதிகம், ஒன்றியம் முழுக்கவே அந்த 40 ஏற்கெனவே பற்றாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நிதிக் குழு மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்க வேண்டும், மீதி 40-இல்தான் இதைப் பார்க்க முடியும். மண் சமன் செய்வதை நூறு நாள் திட்டத்திலும் தளத்தை மானியத்திலும் போட்டால் நடக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்தில் வழி சொன்ன ஒரே அதிகாரி அவர்தான்.

"சரி, களம் வேண்டி தீர்மானம் எழுதியாச்சு" என்று செயலர் அடுத்த பொருளுக்குப் போனார்.

அக்கா எழுந்தார். அதுவரை அவர் பேசவே இல்லை.

"என்ன எழுதினீங்க சார், படிங்க."

செயலர் படித்தார்: "குக்கிராமத்தில் உலர்களம் அமைக்கக் கோரி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"எந்த எடம்னு எழுதுங்க."

"எஸ்டிமேட் போடும்போது பாத்துக்கலாம்மா."

"போன தடவையும் அப்டித்தான சொன்னாங்க. மரத்தடியில போட்டாங்க. எடத்த எழுதுங்க சார். கீழ்ச்சரிவுன்னு எழுதுங்க, சர்வே நம்பரு இந்தப் புள்ள சொல்லும்."

கணக்கெழுதும் பெண் எண்ணைச் சொன்னாள். செயலர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். செயலர் ஏற்கெனவே எழுதிய வரிக்கு மேலே அம்புக்குறி போட்டு, இடத்தையும் எண்ணையும் சின்ன எழுத்தில் சேர்த்தார். அக்கா முன்னால் போய், நோட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே மற்ற பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள்.

நான் குப்பனூர் வழியாக இறங்கும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வழியனுப்ப வந்த அக்கா ஒரு பொட்டலம் காபித்தூள் கொடுத்தார். அம்மாவுக்கு என்றார்.